கடுக்காய் மறைத்த ஈறு

என் பல்லுக்காகத்தான் நான் ஜெபம் பண்ணினேன். உயிருக்காக ஜெபம் பண்ண வேண்டிய நிலைமை என்று எனக்கு அப்போது தெரியாது. சபையாரே, அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், தவக்காலம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், தோல் ஊறுகிற கடுக்காய்த் தொட்டியில் எனக்கு வேலை. கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பதும் நான்தான். முன்பற்கள் ஆட ஆரம்பித்தன. வாய் நாறியது. பக்கத்தில் நின்று பாடுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஆண்டவரே, ஈஸ்டர் வரைக்குமாவது இந்தப் பல்லை விட்டு வையும்" என்று அழுது கெஞ்சினேன்.

என் அண்ணன் ஏசடியானுக்கும் இப்படித்தான் பல் ஆடியது. பிறகு உடம்பு உருகி, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே முந்தின வருஷம் கண்ணை மூடிவிட்டார். என்ன வியாதி என்று யாரும் சொல்லவில்லை. ஆடின பல்லுக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

தோலை இறுக்குகிற கடுக்காய் ஈறையும் இறுக்கும் என்பது எங்கள் ஷாப்பில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. தொட்டிக்குப் போடும் தூளிலேயே ஒரு சிட்டிகை எடுத்து அண்ணனும் நானும் தேய்ப்போம். ஈறில் கசிகிற ரத்தம் நின்றுவிடும். நோயும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

மேஸ்திரி கரீம் பாய் ஒருநாள் தொட்டிப் பக்கம் வந்தார்.

"இன்னாப்பா சாமு, வாயை மூடிக்கினே பேசறே?"

"பல்லு ஆடுது பாய்."

"ஜாஸ்தி நாள் வுடாதே. மெட்ராஸ்ல பல் டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்க பார்க்கறாங்களாம். லீவு தர்றேன், போய்ட்டு வா."

ரயிலேறிப் போனேன். பல் ஆஸ்பத்திரியில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து மாணவர்கள் சுற்றி நின்றார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை ஒன்று இருந்தது. எடுத்ததும் கை வைக்கக் கூடாது. முதலில் ஈறின் நிறம், பிறகு வீக்கம் பார்க்க வேண்டும். அப்புறம்தான் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு ஆழம் அளப்பார்கள். நல்ல ஈறு என்றால் கம்பி சற்றே இறங்கி நின்றுவிடுமாம்.

ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். சிவப்பில்லை, வீக்கமில்லை, ஈறு கெட்டி என்றார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கடைசியில் கல்யாணி என்ற மாணவி கம்பியை விட்டாள். அது இறங்கிக்கொண்டே போனது. பின்னாலேயே சீழும் ரத்தமும் வந்தன.

"எதால பல் தேய்க்கிறீங்க?" என்று கேட்டாள்.

"கடுக்காத் தூள்மா. ஷாப்ல தோலுக்குப் போடறது."

"தோலைப் பதம் போடற மாதிரி வாயையே பதம் போட்டு வச்சிருக்காரு" என்று பாடம் நடத்திய டாக்டர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மேலே ஈறை இறுக்கி, அடியில் இருந்த நோயைக் கடுக்காய் மறைத்துவிட்டது என்று பிறகு விளக்கினார். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"தாகம் ஜாஸ்தியா இருக்கா? உடம்பு இளைக்குதா? வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

அண்ணனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். நாற்காலியிலேயே அழுதுவிட்டேன்.

சிறுநீரை மருந்தோடு சேர்த்துக் கொதிக்க வைத்தார்கள். நீலமாக இருந்தது செங்கல் நிறத்துக்கு மாறியது. சர்க்கரை வியாதி. ஈறில் சீழ் வைப்பதும் பல் ஆடுவதும் இதனால் முற்றிப்போகும், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆளே போயிருப்பாய் என்றார் டாக்டர். ஊசியும் பத்தியமும் அன்றே தொடங்கின.

முன்பற்கள் நான்கையும் பிடுங்கிவிட்டார்கள். ஈஸ்டர் அன்று பாட்டெடுக்க என்னால் முடியவில்லை, காற்றுதான் வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதேன். கேட்ட பல்லைக் கர்த்தர் தரவில்லை, கேட்காத உயிரைத் தந்தார். அவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் இதே தயவு அண்ணனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று இன்றும் அவரிடம் கேட்கிறேன். அந்தக் கம்பி ஒருதரம் அண்ணன் வாய்க்குள் போயிருந்தால் அவர் இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

பிரியமானவர்களே, ஈறில் ரத்தம் வருகிறவர்கள் உங்களில் இருப்பார்கள். நம்பி ஜெபம் பண்ணுங்கள். கடுக்காயை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தும் காட்டுங்கள். மெட்ராஸ் போகப் பயமாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள், நான் கூட வருகிறேன். என் அண்ணனோடு போகத்தான் எனக்குத் தெரியாமல் போயிற்று.