துண்டுக்கடியில் பேசிய விலை

சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சங்கரன்கோவிலுக்கு வந்து, வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆப் செய்து கொடுக்க ஆரம்பித்தபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. விலை சொல்வது. எவ்வளவு ஆகும் என்று யாராவது நேரில் கேட்டுவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனதில் அறுபதாயிரம் இருக்கும், வாய் முப்பது என்று சொல்லும், கூடவே "பாத்துக் குடுங்க" என்று ஒரு இழவு வார்த்தையும் வந்து விழும். இப்படியே இரண்டு கடைக்காரர்களுக்குச் செய்து கொடுத்தேன். வந்த காசு கரண்டு பில்லுக்கும் நெட்டுக்கும் சரியாய்ப் போனது. மூன்றாவதும் இப்படிப் போனால் திரும்பச் சென்னைக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்த ஊர் டிராஃபிக்கை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

மூன்றாவதாக வந்தவர் ஆட்டுத் தரகர். குருவிகுளம் பக்கத்து ஊர்களில் ஆடு பிடித்து வெளியூர் வியாபாரிகளுக்கு முடித்துக் கொடுப்பவர். அப்பாவுக்குப் பழக்கம். ஊருக்கே அண்ணாச்சி என்பதால் எனக்கும் அண்ணாச்சி, அவர் மனைவி மதினி. ஆட்டின் படம், எடை, எந்த ஊர் என்பதெல்லாம் போனிலேயே தெரிகிற மாதிரி ஒரு ஆப் வேண்டுமாம். மதினியையும் கூட்டி வந்திருந்தார். எதற்கென்று அப்போது புரியவில்லை.

என்னென்ன வேண்டும் என்று பேசி முடித்தோம். இனி அந்த விலைக் கேள்விதான் பாக்கி என்றிருந்தபோது, அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"வெலைய நாங்க வாயால பேசுதது இல்லம்மா. சந்தையில துண்டப் போட்டு, அடியில வெரலப் பிடிச்சுத்தான் பேசுவோம். சுத்தி நிக்கவனுக்குத் தெரிஞ்சா அடுத்த யாவாரம் கெட்டுரும். பொம்பளப்பிள்ள கைய நான் பிடிச்சா நல்லாருக்குமா? அதான் உன் மதினியக் கூட்டியாந்தேன்."

பிடிக்கிற ஒவ்வொரு விரலுக்கும் பத்தாயிரம் என்று முடிவானது. மதினி எதிரே உட்கார்ந்து கையை நீட்டினார். துண்டு விழுந்தது. அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, "தெரிஞ்சவுக மக்கா, பாத்துக் குறைச்சுக்கோ" என்றார். சொந்த அப்பாவே எதிர்க்கட்சி.

வாயைத் திறக்க வேண்டாம் என்றதும் தைரியம் வந்துவிடும் என்று நினைத்தேன். கையும் கோழைதான். மதினியின் மூன்று விரல்களைப் பிடித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"அம்புட்டா!" என்று அலறினார் மதினி. "கட்டாதுட்டி, குறைச்சுக் கேளு!"

அலறிக்கொண்டே நான்காவது விரலை என் கைக்குள் திணித்தார்.

திகைத்துப் போய் நிமிர்ந்தேன். மதினியின் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். "விடாத, இன்னும் இறக்கு" என்றார் மனைவியிடம்.

"என்னட்டி, பிடிச்ச பிடியா நிக்க? எங்களுக்குத் துட்டு மரத்துலயா காய்க்கி?"

ஐந்தாவது விரலும் வந்தது. என் கையை ஓர் அழுத்து அழுத்தி, "முடிஞ்சிட்டு" என்று துண்டை உருவினார். அப்பா, "நல்லா குறைச்சுட்டா போல!" என்று பெருமைப்பட்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினேன். ஐம்பதாயிரம்! இந்த ஊரிலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் முதல்முறையாக எனக்கு நம்பிக்கை வந்தது.

காப்பி போட அடுப்படிக்குப் போனேன். மதினி பின்னாலேயே வந்தார்.

"அண்ணாச்சி திட்ட மாட்டாகளா மதினி?"

"அம்பதாயிரம் வரைக்கும் போலாம்னு அவுகதான் சொல்லிக் கூட்டியாந்தாக. அஞ்சு வெரல்ல முடிச்சாச்சு. பெறவென்ன?"

"இருந்தாலும், வாங்க வந்தவுக நீங்க குறைச்சுல்லா பேசணும்?"

மதினி சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இப்போது கடுகடுப்பு இல்லை.

"எங்க வீட்டு ஆடு அம்புட்டையும் வளத்தது நான். மேச்சது நான், குட்டி போடுதப்போ பக்கத்துல கெடந்தது நான். விக்கதுக்குத் துண்டப் போட்டா உள்ள போறது அவுக கை. இன்னைக்குத்தான் மொதமொதல்ல என் கை உள்ள போயிருக்கு, அதுவும் ஒரு பொம்பள செய்யுத வேலைக்கு வெல பேச. அதுல போயி குறைக்கவாட்டி சொல்லுத?"