வளைவில் முதல் பெயர்

போர்க்காலத்தில் எங்கள் ஊரை ஆண்ட இயக்கப் பொறுப்பாளரை கனடாவில், அஜக்ஸ் நகரில் நடந்த ஊர்ச்சங்கக் கூட்டத்தில் பார்த்தேன். நரைத்த மீசை, விலையுயர்ந்த கோட். யார் பேசினாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், கைகளைத்தான் பார்ப்பார்.

அங்கே எங்கள் ஊர் வாசலில் சங்கம் கட்டும் வளைவில் யார் பெயரை முதலில் பொறிப்பது என்று அன்று வாக்கெடுப்பு. தன் பெயரை முதலில் போடும்படி அவரும் கேட்டிருந்தார். மண்டபமே லொறிக் கொம்பனி முதலாளி ஒருவருக்குக் கை தூக்கியது. பொறுப்பாளர் எழுந்தார். பக்கத்தில் உயர்ந்திருந்த கையைப் பிடித்து முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு ஆட்கள் உட்கார்ந்திருந்த கதிரைகள் பறந்தன. பட்டு ரிப்பன் கட்டிய கதிரையொன்று ஒருவரின் நெற்றியைப் பிளந்தது.

வெளியே பார்க்கிங்கில், "என்ன அண்ணை இது?" என்றேன்.

"அங்கை என்னைக் கண்டா எழும்பி நிண்டவங்கள். இஞ்சை உவங்களுக்கு வீடு, கார் வந்திட்டுது, பயம் போயிட்டுது."

"உங்களுக்கும் ரெண்டு வீடு இருக்குத்தானே?"

"ஓம். அதுக்கு ஆர் பயப்பிடுறான்?"

பொலிஸ்காரர் வந்து பெயரை மட்டுமே கேட்டார். பொறுப்பாளரோ யாரும் சொல்லாமலே நிலத்தில் முழந்தாளிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் சேர்த்துக்கொண்டார். எத்தனை பேரை அப்படி இருத்தியிருந்தால், அது அவருடைய உடம்புக்கே இவ்வளவு பழகியிருக்கும்?