அப்பா குடிக்காத தண்ணீர்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. நல்ல சாவு என்று யாரும் சொல்ல முடியாத சாவு அது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கிளியனூர் பக்கம். மழை பொய்த்து நிலம் கைவிட்டுப் போனதும், பிழைப்புத் தேடி மரக்காணம் உப்பளத்துக்கு வந்தார். உப்பு வாரி வாரி அவர் காலில் ஆறாத புண் இருந்தது. படித்தது ஒன்பதாவது வரைதான். ஆனாலும் கோர்ட்டின் இலவசச் சட்டப்பணிகள் குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்து, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, சம்பளம் இல்லாமல் ஊர் வழக்கையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடி வாங்கிய பெண்ணுக்குத் துணையாக ஸ்டேஷனுக்குப் போவார். மீனவர்களுக்குள் வலைச் சண்டை என்று அனுமந்தையிலிருந்து கூப்பிட்டாலும் போவார்.

அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வழக்கு முடியும்வரை இரு தரப்பிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். முடிந்ததும் இருவர் கையாலும் வாங்கிக் குடிப்பார்.

"ஜட்ஜு கூட டீ குடிப்பாரு, உங்களுக்கு மட்டும் என்னவாம்?" என்று அம்மா திட்டுவார்.

"அவருக்கு போலீஸ் இருக்குது. எனக்கு இதான் இருக்குது" என்பார் அப்பா.

கடைசியாக அவர் போனது எங்கள் தெரு அண்ணன் தம்பி வழக்குக்கு. பெயர் வேண்டாம், ஊருக்கே தெரியும். தம்பியின் பாத்திக்கு உப்புநீர் போகும் வாய்க்காலை அண்ணன் மண் போட்டு அடைத்துவிட்டார். மண்வெட்டியைத் தூக்கும் அளவுக்கு முற்றிவிட்டது. கத்திரி வெயிலில், ஒதுங்க நிழலில்லாத உப்பளத்தில், அப்பா இருவரையும் நிறுத்திப் பேசினார். கொண்டுபோன பாட்டில் தீர்ந்துவிட்டது.

"அண்ணே, ஒரு வாய் தண்ணி குடிங்கண்ணே" என்று தம்பி அப்பாவிடம் நீட்டினார்.

"அவன் தண்ணிய குடிச்சா நியாயமும் அவன் பக்கம் போயிடும். நம்ம குடத்துல குடிங்க" என்றார் அண்ணன்.

"முடிச்சிட்டு ரெண்டு பேருகிட்டயும் வாங்கிக் குடிக்கிறேன்பா" என்ற அப்பா, கொஞ்ச நேரத்தில் வரப்பிலேயே சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒருமுறை கண் திறந்தார். "வாய்க்கால தொறந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லப்பா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார். எனக்கு அப்பாமேல் கோபம் உண்டு. ஒரு வாய் தண்ணீரில் நியாயம் கரைந்தா போய்விடும்? அழுது தீர்த்தும் அந்தக் கோபம் தீரவில்லை.

அப்பாவை வரப்பு வழியாகத் தார் ரோடு வரை சுமந்து வந்தவர்கள், பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள். அவர்களுக்கும், காசு வாங்க மறுத்த ஆட்டோக்காரருக்கும், காரியம் முடியும்வரை உடனிருந்த உறவினர்களுக்கும், அப்பா தீர்த்துவைத்த வழக்கை மறக்காமல் வந்து நின்ற குடும்பங்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த அண்ணன் தம்பிக்கும் ஒரு வார்த்தை. வாய்க்கால் இன்னும் அடைபட்டுத்தான் கிடக்கிறது. நினைவு நாள் சாப்பாட்டுக்குத் தண்ணீர் கேன் இறக்குவதாக நீங்கள் தனித்தனியே ஆள் அனுப்பினீர்கள். வேண்டாம் என்றது நான் இல்லை, அப்பாவை அத்தனை வருஷம் திட்டிய அம்மா.

"அவரு குடிக்காத தண்ணிய நாம எப்படிம்மா குடிக்கிறது? வாய்க்கால தொறந்துட்டு, ரெண்டு பேரும் ஒண்ணா எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார்.