மேடம் கொடுத்த தேநீர்

மேடம் போன மாதம் காலமானார். ஒரு நாட்டைப் பல வருடம் துப்பாக்கி முனையில் ஆண்ட தளபதியின் மனைவி. அநாதை இல்லங்கள் திறந்தவர், தாயுள்ளம் கொண்டவர் என்று செய்தியில் போட்டிருந்தார்கள். வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. பத்து வயதில் ஒருநாள் அவருடைய கணவருக்கு நான் திருநீறு பூசியிருக்கிறேன்.

அம்மா அப்போது ரொறன்ரோவில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரித்துவந்தார். பள்ளிக்கூடம் இல்லாத ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு நாங்கள் இருந்த வெக்ஸ்போர்ட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஆட்சி போனபின் அந்த நகரத்துக்கு வந்து குடியிருந்த மேடத்தின் வீட்டுக்குப் போனார். "ஒண்டையும் தொடக்கூடாது. கேட்டதுக்கு மட்டும் கதை" என்பது கட்டளை.

அம்மா மேடத்தைக் குளிக்க வார்க்கும்போது கூடத்தில், இறந்துபோன தளபதியின் படத்தைப் பார்த்தேன். நெஞ்சு நிறையப் பதக்கம், நெற்றியில் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் செத்துப்போன அப்பப்பாவின் படம் அப்படி இருந்ததே இல்லை. பாவமாக இருந்தது. அம்மாவின் கைப்பையில் கோயில் திருநீறு எப்போதும் இருக்கும். அதைக் குழைத்து, கதிரையில் ஏறிப் படத்தின் கண்ணாடியில், நெற்றிக்கு நேரே மூன்று குறி இழுத்துவிட்டேன்.

சக்கர நாற்காலியில் வந்த மேடம் படத்தையே பார்த்தார். அம்மா துடைக்கத் துணியை எடுத்தார். வேலை போயிற்று என்று நானும் நினைத்தேன். மேடமோ, வீட்டில் எல்லாப் படங்களுக்கும் இப்படிப் பூசுவீர்களா என்று கேட்டார். செத்தவர்களுக்கு மட்டும்தான், மாமாவுக்கு இல்லை, அவரை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போனது, தன் தம்பி திரும்பி வருவான் என்று அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்.

அம்மா மேடத்தின் தலையை வாரத் தொடங்கினார். அந்தக் காலத்தில் தன் வாசலுக்கும் பெண்கள் காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடு வருவார்கள் என்றார் மேடம். வெயிலில் சும்மா நிற்கவிட மனம் வராதாம். எல்லோருக்கும் தேநீர் கொடுக்கச் சொல்வாராம்.

அந்தப் பிள்ளைகளில் யாராவது திரும்பி வந்தார்களா என்று அம்மா தன் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார்.

இல்லை என்றார் மேடம். தேநீர் கொடுக்கும்போதே அவர்கள் உயிரோடு இல்லை என்று தனக்குத் தெரியும் என்றார்.

அம்மா தலைவாரி முடித்தார். மாத்திரை கொடுத்தார், போர்வையை இழுத்துவிட்டார். திருநீற்றைத் துடைக்க வேண்டாம் என்று மேடம் சொன்னதால் அதை அப்படியே விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாதி வழியில், கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"மாமாவுக்கு இனித் திவசம் குடுக்கவேணும்."

"எப்ப அம்மா?"

"தெரியேல்லை. ஏதாவது ஒரு நாள்."

திவசம் என்றால் வடை, பாயாசம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சனிக்கிழமையாகப் பார்த்து வைக்கச் சொன்னேன்.