அண்ணன் வரக்கூடாதென்று கந்தனிடம் கேட்டேன்

தொண்ணூறுகளில் ஒரு கார்த்திகை மாதம். மழையும் ஷெல்லும் மாறிமாறி விழுந்துகொண்டிருந்தன. எனக்கு இரண்டு பயம். அம்மா போய்விடுவார் என்பது ஒன்று. அதற்கு முன்னால் அண்ணன் வந்துவிடுவார் என்பது மற்றது.

அடியார்களே, எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் பேசி முடிந்தால் சீதன உறுதி எழுதுவார்கள். ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். அண்ணனும் அப்படித்தான் பத்து மைல் கட்டை தள்ளி ஓர் ஊருக்குப் போனார். எனக்குப் பேசின மாப்பிள்ளையைச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வேறொருவர் மீது மனம் போகவில்லை. அம்மா மட்டும் “கலியாணம் வரட்டும், எழுதுவம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு நாற்பத்தொரு வயதானபோதும் அதையே சொன்னார். கலியாணம் இல்லாமலே பெண்ணுக்கு வீடு எழுதலாம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பாரிசவாதம் வந்து அம்மா ஏழு வருடம் படுக்கையில் கிடந்தார். தூக்கினதும் துடைத்ததும் நான்தான். அந்தக் கார்த்திகையில் சோறு இறங்குவது நின்றது. அதே கிழமை அண்ணன் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார், பங்கு பேச வருகிறாராம். அவருடைய மனைவியின் வீடு எரிந்துபோய், மூன்று பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்தார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எழுத்தில்லாமல் அம்மா கண்மூடினால் வீட்டில் பாதி அவருக்கு. விற்கத்தான் கேட்பார். பிறகு நான் எந்த மரத்தடியில் போய்க் கிடப்பது?

உறுதி எழுதுகிற நொத்தாரிசு இருந்தது வாவிக்கு அக்கரையில். சண்டையால் ‘பாதை’ ஓடவில்லை. வாவியில் ஆளும் சாமானும் ஏற்றும் மிதவையை நாங்கள் பாதை என்போம். எங்கள் ஊருக்கு இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு பெரியவர், முன்பு நீதவான் கோட்டில் கிளாக்கராக இருந்தவர், வழி சொன்னார். நொத்தாரிசு இல்லாவிட்டாலும் மரணசாசனம், உயில் என்பார்களே, அதை எழுதலாமாம். ஐந்து சாட்சிகள் வேண்டும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கூடி நிற்க அம்மா ஒப்பம் வைக்க வேண்டும். அம்மாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கவும் வேண்டும். வீடு பெறுகிற நான் சாட்சியாக நிற்க முடியாது.

ஒப்பம் வைக்கிற நாள் காலை எங்கள் மண்டூர்க் கந்தன் கோயிலுக்கு ஓடினேன். அங்கே பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொள்வார். எனக்கோ வாய் நீளம். சத்தம் போடாமல் சந்நிதித் திரைக்கு முன்னால் நின்று சண்டை பிடித்தேன். “ரெண்டு பெண்டாட்டியும் ஊரூருக்குக் கோயிலும் உனக்கு. எனக்குக் கிடக்கிறது ஒரு வீடு. பழத்துக்காக அண்ணனோட கோவிச்சுக்கொண்டு மலை ஏறின ஆளுக்கு என்ட வழக்கு விளங்காதா? அஞ்சு பேரைத் தா. அண்ணன மட்டும் இஞ்ச விடாத.” இதைக் கேட்டுவிட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் நாலு பேர்தான். கிளாக்கர் ஐயா, பக்கத்து வீட்டுக் கணவனும் மனைவியும், பள்ளிக்கூட ரீச்சர். ஐந்தாவதாக வருவதாகச் சொன்னவர் விடியவே வயலுக்குப் போனவர். அந்தப் பக்கம்தான் ஷெல் விழுகிற சத்தம் கேட்டது. பத்து மணியானது. பதினொன்றானது. பக்கத்து வீட்டுக்காரர் மூட்டை கட்டி வைத்திருந்தார், அவர்கள் மத்தியானத்துக்குள் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டும். அம்மாவின் மூச்சு இழுக்கத் தொடங்கியது. நான் படலைக்கும் கட்டிலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

படலை திறந்தது. வந்தது அண்ணன். முழங்கால்வரை சேறு. முருகா, நீயும் கைவிட்டுவிட்டாயா என்று நினைத்தேன்.

அவர் என்னைத் தாண்டி நேரே அம்மாவிடம் போனார். அம்மா எழும்ப முயல்வதைக் கண்டு, முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, தன் நெஞ்சில் சாய்த்து இருத்தினார். சட்டை விலகி முதுகு தெரிந்தது. கொஞ்ச நேரம் அந்த முதுகையே தடவிக்கொண்டிருந்தார்.

கிளாக்கர் ஐயா ஒன்றையும் மறைக்கவில்லை. கடதாசியை வாசித்துக் காட்டினார். வீடு யாருக்கு என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கு நாக்குக் குழறும். அன்று குழறவில்லை.

“வீடு என்ட மகளுக்கு. கலியாணம் வந்தாலும் வராட்டியும்.”

பிறகு கிளாக்கர் ஐயா அண்ணனைப் பார்த்து, ஒரு ஆள் குறைகிறது, நீங்கள் ஒப்பம் வைத்தால் பிறகு இது பொய்யென்று கோட்டில் சொல்ல முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்.

“பங்கு கேக்கத்தான் வந்தன் தங்கச்சி,” என்றார் அண்ணன். “ஏழு வருசம் கிடந்த உடம்பு. ஒரு புண் இல்ல. நான் எந்த வாயால கேக்கிற? பேனையத் தாங்க ஐயா.”

அம்மா அவர் நெஞ்சில் சாய்ந்தபடியே ஒப்பம் வைத்தார். ஐந்து பேரும் அவர் கண் முன்னால் வைத்தார்கள். மூன்றாம் நாள் அம்மா போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்ததும் அண்ணன்தான்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்ததும் நானே போய் அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிவந்தேன். நாலு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம். நானும் அண்ணியும் சண்டை பிடிக்காத நாள் இல்லை, சாப்பிடாமல் படுத்த நாளும் இல்லை. நாட்டுப் பிரச்சினை கொஞ்சம் அடங்கி, மரணசாசனத்தை உறுதிப்படுத்த வழக்குக் கோட்டுக்குப் போனபோது, ஒப்பம் தன்னுடையதுதான் என்று அண்ணன் கூண்டில் ஏறிச் சொன்னார். இப்போது வீட்டை அவருடைய மகளுக்கு எழுதியிருக்கிறேன், நான் சாகும்வரை இருக்கிற சீவிய உரித்தை வைத்துக்கொண்டு. அவளுக்கும் இன்னும் கலியாணம் ஆகவில்லை.

அடியார்களே, உங்கள் வீட்டிலும் படுக்கையில் ஒருவர் இருந்தால், புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதச் சொல்லிக் கேளுங்கள். அது பாவமில்லை. பிறகு கந்தனிடம் போங்கள். அழுங்கள், சண்டையும் பிடியுங்கள், அவன் கோவிக்கமாட்டான். யாரை அனுப்பக்கூடாது என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.