கையைக் கழுவச் சொன்ன எங்கள் அக்கா

எங்கள் அக்கா நரிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரை ஊரில், நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். திருச்சுழிப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். மாமா அவர்கள் இளவயதிலேயே மறைந்த பின், இரண்டு கறவை மாடுகளை வைத்து இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கரையேற்றினார். யாரையும் கடிந்து பேசாதவர் என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். அக்காவை அறிந்தவர்கள் சிரிப்பார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

வாழ்க்கைப்பட்ட ஊரில் அக்காவோடு சேர்த்துப் பதினான்கு பெண்கள் கூட்டுறவுப் பால் சங்கத்துக்குப் பால் ஊற்றினார்கள். பால் வண்டி அருப்புக்கோட்டைப் பண்ணைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பால் அடிக்கடி திரிந்தது. சுத்தமாகப் பால் கறக்கும் பயிற்சிக்கு அக்காவை மூன்று நாள் டவுனுக்குச் சங்கத்தார் அனுப்பினார்கள். போனவர் மாணவி, வந்தவர் வாத்தியார்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, மடியை வெந்நீரில் துடை, முதல் பீச்சுப் பாலைத் தனியே ஊற்று, கேனை வெயிலில் கவிழ்த்து வை என்று வீடு வீடாகப் போய் நின்றார். நகம் பார்த்தார்.

"எம் மாமியாகூட எம் நகத்தப் பாத்ததில்ல மதினி" என்றார் பக்கத்து வீட்டு முத்துலட்சுமி.

"அதான் இப்பிடி வளந்திருக்கு. வெட்டு."

குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊர். முத்துலட்சுமியின் கணவர் ஒருநாள் வாசலில் நின்று கத்தினார். "நான் குளிக்கத் தண்ணியக் காணோம், மாட்டு மடிக்கு வெந்நியா?"

"நீங்களும் பால் குடுங்க தம்பி, உங்களுக்கும் வெந்நி வைக்கச் சொல்றேன்" என்றார் அக்கா.

அப்படியும் பால் திரிந்தது. "இன்னும் ஒரு வாரம் பாப்போம். மறுபடி திரிஞ்சா உங்க ஊருக்கு வண்டி வராது" என்று பண்ணையில் சொல்லிவிட்டார்கள். பதினான்கு வீட்டுப் பிழைப்பு அந்த வண்டிதான். அக்கா எனக்குப் போன் செய்தார். "ஏலே தம்பி, நீதான் ஒண்ணுவிடாம எழுதுவியே. வந்து ஒவ்வொருத்தியும் என்ன செய்றான்னு எழுது."

மூன்று நாள் தங்கி, தொழுவத்திலிருந்து சங்கம் வரை பின்னாலேயே நடந்து எழுதினேன். மூன்றாம் நாள் மாலை அத்தனை பேரையும் உட்காரவைத்து, அக்கா பெயரிலிருந்து, செய்ததை வரிசை எண்ணோடு வாசிக்கத் தொடங்கினேன்.

"ஏழு: பால் தளும்பாமல் இருக்கக் கேனில் வைக்கோல் போட்டார். எட்டு: சங்க வாசலில் அதை எடுத்து எறிந்தார்."

"எந்த வைக்கோலுடா?"

"எல்லாரும் போடுற வைக்கோல்தான்க்கா. உங்களது மட்டும் ரெண்டு கொத்து."

நடக்கும்போது பால் சிந்தாமலிருக்க எங்கள் அம்மாவும் அப்படித்தான் போடுவார். மாடு தின்னும் பொருள் அழுக்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. அக்கா எழுந்து நின்றார். "உங்களையெல்லாம் ஏசுனேன். மொதக் குத்தவாளி நாந்தான். ஏசுறவ ஏசிக்கிருங்கடி."

"மொதல்ல நகத்தக் காட்டுங்க மதினி" என்றார் முத்துலட்சுமி. அக்காவும் கையை நீட்டினார்.

கேன் மூடிகள் எங்கே என்று விசாரித்தால், பதினொன்றில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். மூன்றில் வற்றல் காய்ந்தது. அக்காவின் மூடி கோழிக் கணக்கில் வரும். அன்றே எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு எடுத்தார்கள். அந்த வாரம் பால் திரியவில்லை, வண்டியும் நிற்கவில்லை. அதன்பின் அக்கா காரியாபட்டி வரை பஸ் ஏறிப் போய்ப் பயிற்சி கொடுத்தார். எந்த ஊரிலும் தம் தவற்றைச் சொல்லித்தான் தொடங்குவார்.

மதுரை ஆஸ்பத்திரியில் கடைசிப் பதினோரு நாளும், கண் விழித்ததும் "வண்டி வந்துச்சா?" என்று கேட்பார். நான் சங்கத்துக்குப் போன் செய்து கேட்டுச் சொல்வேன்.

உடனிருந்து உதவிய உறவினர்களுக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், பந்தல் போட்ட ஊர் இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பெண்கள் பதின்மூவருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அக்கா மறைந்த அன்று காலை அவர்கள் தாமதமாக வந்ததில் சிலருக்கு வருத்தம் உண்டு. "எழவு வீட்டுக்கு மாட்டக் கறந்து ஊத்திட்டா வாரது?" என்று சித்தப்பா அவர்கள் கேட்டேவிட்டார்.

முத்துலட்சுமி அழுதுகொண்டே சொன்னார். "வண்டிய விட்டுட்டு ஓடியாந்தா அவுக எந்திரிச்சு ஏசுவாக சின்னையா."

மறுநாள் சங்கத்தில் விசாரித்தேன். அன்றைய பால் திரியவில்லை.