ஒரே குடி, வேறு உடல்

என் இரு சிறுநீரகங்களும் செயலிழந்தபின், நகரத்து மருத்துவமனைக்குச் சென்று இயந்திரத்தில் குருதியைச் சுத்திகரித்து மீள்வதே என் வாழ்க்கையாயிற்று. மனைவி மறைந்துவிட்டாள், பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். பேச்சுக்கு ஆளின்மையால் வாசித்தேன்.

மருத்துவக் கட்டுரையொன்று என்னைப் பற்றிக்கொண்டது. ஆய்வுக்கூடத்து ஓரின எலிகளுள் ஒன்றின் சிறுநீரகத்தை மற்றொன்றுக்குப் பொருத்தினால் உடல் அதனை நிராகரிப்பதில்லை. இனம் மாறினால் பெரும்பாலும் நிராகரிக்கும். அதனைத் தீர்மானிப்பதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்குண்டு என்றது அது. எங்கள் பகுதியில் தாயின் குடியே, அதாவது குலமே, பிள்ளைக்கும் குடி. ஒரே குடியினர் உடன்பிறப்புகளாகவே கொள்ளப்படுவர். ஆகவே, ஓரினம் என்பதை ஒரே குடி என்று விளங்கிக்கொண்டேன்.

குருக்கள்மடத்தில் வாழும் என் தாயின் தங்கையாகிய சின்னம்மாவின் மகளிடம் இதனை எடுத்துரைத்தேன்.

“எலியும் குடி கேட்டா, அண்ணன், கலியாணம் முடிக்குது?” என்று சிரித்தாள். பிறகு, “எனக்கு ரெண்டு கிடக்குதானே, ஒண்ட எடுங்க. மறுகா அதையும் பழுதாக்கிப்போட்டு வந்து நிண்டா மற்றதத் தரமாட்டன்” என்றாள்.

இருவரும் பரிசோதனைக்குச் சென்றோம். என் குருதி அவளது குருதியணுக்களை எதிர்த்தது. பொருத்த இயலாதென்றார் இளம் வைத்தியர்.

“நாங்க ஒரே குடி, டொக்டர்” என்றேன்.

அவரும் இப்பகுதியினரே. “குடிக்குள்ள கலியாணம் செய்வீங்களா, ஐயா?”

“செய்யமாட்டம்.”

“அந்த எலிகள அண்ணன் தங்கச்சியாவே தலைமுறை தலைமுறையாச் சேர்த்து வளர்க்கிற. அதாலதான் எல்லாம் ஒரே அச்சு. குடி தாயோட மட்டும் வரும். மரபணு தகப்பனாலயும் வரும்.”

எந்த வழக்கத்தைக் கொண்டு அவளை உடன்பிறந்தாள் என்றேனோ, அதே வழக்கந்தான் தலைமுறைதோறும் அயற்குடிக் குருதியை எங்களுள் கலந்து வந்திருக்கின்றது. எலிகளைப் பற்றி வாசித்த நான் அதனை எண்ணிப் பார்க்கவில்லை.

திரும்பும் பேருந்தில் அவள் கூறினாள்:

“எனக்கெண்டா இன்னும் விளங்கல்ல, அண்ணன். ஒரு சட்டியில திண்டு வளர்ந்த நாம.”

குருக்கள்மடத்தில், “வாறன்” என்று கூறி முகம் பாராமல் இறங்கினாள். அவளிருந்த இடத்தில், நான் இறங்கும் பெரியகல்லாறு வரை எவரும் அமரவில்லை.

மறுநாள் மீண்டும் இயந்திரம். அதற்குரிய துணியையும் மருந்துகளையும் பையில் எடுத்துவைத்தேன். அதன்பின் வீட்டில் செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.